இரண்டு முனையிலும் ஒரு இன்ச்

ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உன் அப்பா, கட்டிலில் என் தங்கை, தையல் மெஷின் முன்னால் நீ, தரையில் அளவுச் சீட்டோடு நான். அலமாரிப் பலகைகளின் விளிம்பில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் பட்டை எத்தனை அடி வேண்டுமென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு விளிம்புக்கும் ரெண்டு முனையிலயும் ஒரு இன்ச் கூட விடுங்க, வெட்டுறதுல போயிடும்" என்றாய்.

"இது சட்டை இல்லம்மா, அலமாரி! தையலுக்கு விடுறதெல்லாம் உன் மெஷினோட வச்சுக்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும்தான். அதோடு நீ என்னிடம் பேசவில்லை.

இன்று பட்டை எட்டு அடி குறைந்துவிட்டது. வெட்டி விழுந்த துணுக்குகளைப் பொறுக்கி, வரிசையாக வைத்து அளந்தேன். நாற்பத்தெட்டு விளிம்பு, தொண்ணூற்றாறு துணுக்கு. அச்சு அசலாக அதே எட்டு அடி. கூசிப்போய்விட்டேன்.

சோறு மூடி வைத்திருக்கிறேன். பட்டறைச் சாவி உன் மெஷின் டிராயரில். அலமாரி கேட்டவர் வந்தால் என் கணக்குதான் தப்பு என்று சொல், மறைக்காதே.

பி.கு.: உன் அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். "மாமா, அன்னைக்கு உங்க பொண்ணு சொன்னதுதான் சரி. உங்களையும் சேர்த்துச் சிரிக்க வச்சது என் தப்பு." வெட்கம் கையைப் பிடித்து இழுப்பதற்குள் உறையை ஒட்டிவிட்டேன். பட்டை வாங்கப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.