ஐஜமாலுக்கு நான் போட்ட மதிப்பெண்

ஏப்ரல் 2

பருவ விடுமுறை முடிந்து இரண்டாம் நாள். வகுப்பைச் சூடாக்கும் அடுப்பில் நிலக்கரி பற்றவேயில்லை. பிள்ளைகள் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள். வாசிப்பு, எழுத்து மீள்தேர்வு தொடங்கியாயிற்று. இரண்டாம் வகுப்பில் முப்பத்து நான்கு பேர். ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று குறிக்க வேண்டும். இன்று பதினெட்டு பேர். முதுகு விட்டுப்போயிற்று.

ஏப்ரல் 3

ஐஜமாலைக் கடைசிக்கு வைத்திருந்தேன், இனிப்பை மிச்சம் வைப்பதுபோல. வகுப்பிலேயே அழகாகப் படிப்பவள். இந்த முறை பாடநூல் அல்ல, மாவட்டத்திலிருந்து வந்த புதுத் தாள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. மேலே, ஆற்றங்கரையில் ஒரு குதிரைக்குட்டி படம். அவள் நிமிர்ந்து நின்று கணீரென்று படித்தாள். குட்டி தாயைத் தேடுகிறது, ஆறு வழிவிட மாட்டேன் என்கிறது, குட்டி ஆற்றைத் திட்டுகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே தாளைப் பார்த்தேன்.

தாளில் இருந்தது குதிரைப் பால் கறப்பதைப் பற்றி ஐந்து வரி. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட அதில் இல்லை.

ஏப்ரல் 4

சொல்லச் சொல்ல எழுதும் தேர்வு. ஐஜமால் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுத்துகளை வரைகிறாள். எழுதவில்லை, வரைகிறாள்.

பிறகு தனியாகக் கேட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்: "மத்தவங்க படிக்கறப்ப கேட்டுக்குவேன் எஜெ. ரெண்டு தடவ கேட்டா போதும்."

எஜெ, அக்கா, என்று என்னைக் கூப்பிடுகிறவளுக்கு இரண்டு வருடம் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன். யார் கையால்? இந்தக் கையால்தானே. கண்ணை எங்கே வைத்திருந்தேன் நான்?

ஏப்ரல் 8

தலைமையாசிரியை ஷாய்ரா எஜெயிடம் சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மூணு போட்டு மேல அனுப்பு அனார்குல். முப்பத்தி நாலுல ஒருத்தி."

"உள்ளத எழுதினா தனியா சொல்லிக்குடுக்க ஆள் அனுப்புவோம்னு சுற்றறிக்கையில போட்டிருக்கே, எஜெ?"

"ஆள் வருவாங்க. யாரு வருவாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

ஏப்ரல் 9

உள்ளதை எழுதினேன். வாசிப்பு: சுழியம். எழுத்து: சுழியம். கையெழுத்துப் போட்டபோது நெஞ்சு லேசாக இருந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 17

பள்ளி விட்டபின் தினமும் ஒரு மணி நேரம் அவளோடு. அம்மாவை நாங்கள் கூப்பிடும் 'அபா', கிர்கிஸ் எழுத்தில் апа, மூன்றே எழுத்து. அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

"நடுவுல இருக்கறது கதவு மாதிரி இருக்கு எஜெ. ரெண்டு பக்கமும் ஒரே ஆள் நிக்கறாங்க."

அவள் அபா மாஸ்கோவில் ஏதோ அலுவலகத்தில் தரை துடைக்கிறாள். மூன்று வருடமாயிற்று.

ஏப்ரல் 30

பதினான்கு எழுத்து தெரியும். ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் இருப்பவைதான் குழப்புகின்றன. மந்தமானவள் அல்ல இவள். எழுத்து இவள் கண்ணுக்குள் நிற்பதில்லை, அவ்வளவே. இதற்கு ஒரு பெயர் இருக்கும். எங்கள் பயிற்சிப் பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை.

மே 14

ஆள் வந்தது. ஒருவர் அல்ல, மூவர். சொல்லிக்கொடுக்க அல்ல, சோதிக்க.

ஒரு மருத்துவர், இரண்டு அதிகாரிகள். ரஷ்ய மொழியில் கேட்டார்கள். அவளுக்கு ரஷ்ய மொழியில் கடையில் மிட்டாய் கேட்க மட்டும்தான் தெரியும். நான் கிர்கிஸில் மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"நீங்க வெளிய நில்லுங்க."

நின்றேன். ஏன் நின்றேன்? கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாமே! இருபது நிமிடம். உள்ளே அவள் குரலே கேட்கவில்லை. ஒரு தடவைகூட.

மே 16

முடிவு வந்துவிட்டது. மனவளர்ச்சி குன்றியவள். கணவாய்க்கு அப்பால் உள்ள, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான துணைப் பள்ளி விடுதியில் சேர்க்க வேண்டும். காகிதத்தில் ஆதாரமாக முதலில் குறித்திருப்பது என் அறிக்கையின் எண்.

மே 18

அவளை வளர்க்கும் சித்தப்பா மனைவி குல்சூனைப் பார்க்கப் போனேன். கையெழுத்துப் போடாதே என்று கெஞ்சினேன். அவள் மாவு பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அங்க மூணு வேளை சாப்பாடு, சூடான படுக்கைங்கறாங்க. இங்க ஒரு ரூம்ல ஏழு பேரு. எழுதிக் குடுத்தது நீங்கதானே எஜெ? இப்ப போட வேணாம்னா எப்படி?"

ஒரு வாய் டீ குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மே 19

மாஸ்கோவிலிருந்து அவள் அம்மா போனில் கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எம் பொண்ணுக்குப் புத்தி சரியில்லையா எஜெ? மறைக்காம சொல்லுங்க."

"இல்லம்மா. நல்ல புத்தி. என்னைவிட நல்ல புத்தி."

"அப்புறம் ஏன் எஜெ?"

மே 27

கூட்டிப்போய்விட்டார்கள்.

ஜூன் 3

மாவட்டத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். பதில் இல்லை.

ஜூன் 22

என் கணவர் சகின் தன் வேனில் விடுதிக்குக் கூட்டிப்போனார். கணவாயில் இன்னும் பனி. விடுதிப் பிள்ளைகள் கோடையிலும் அங்கேயே. முற்றத்தில் ஐஜமால் தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டு நின்றாள். பேன் வராமலிருக்க எல்லோருக்கும் அப்படித்தானாம். என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாள். நான் நீட்டிய உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை வாங்கிப் பக்கத்திலிருந்த சின்னவளிடம் கொடுத்துவிட்டாள்.

விடுதித் தலைவரிடம் விசாரித்தேன்: இங்கே வாசிப்பு யார் சொல்லித்தருகிறார்கள்?

"மூணு வருஷமா ஆளே இல்ல. சமையக்காரம்மா பாத்துக்கறாங்க. பாட்டு சொல்லித்தருவாங்க, நல்லாவே பாடுவாங்க."

வரும் வழியில் சகின் வேனை ஓரம் கட்டிவிட்டு நான் அழுது முடியும்வரை காத்திருந்தார்.

ஜூலை 11

"நீ அங்க சொல்லிக்குடுக்கப் போனா அந்தப் பொண்ணு உன்ன மன்னிச்சிருமா?" என்று சகின் கேட்டார்.

"தெரியல."

"சம்பளம் கம்மி. பனி விழுந்தா நாலு மாசம் வழி கிடையாது. இங்க எனக்கு டீ யாரு போடுவா?"

"நீங்க போட்டுக் குடிங்க."

அவர் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி வைத்தார்.

ஆகஸ்ட் 20

ஷாய்ரா எஜெ விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார். "பைத்தியக்காரி," என்றார். பிறகு எழுந்து வந்து என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

செப்டம்பர் 2

துணைப் பள்ளியில் புது வகுப்பு. பத்தொன்பது பேர், ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை. ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் ஒட்டுப்பலகை.

வருகைப் பதிவேட்டைப் படித்தேன். ஐஜமால் பெயர் வந்தது. எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் அவளுக்காக எழுந்தாள்.

"இருக்கா எஜெ. உங்ககிட்ட மட்டும் பேசமாட்டாளாம்."

வந்திருக்கிறாள் என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தேன்.