பார்க்க மட்டுமா, மாற்றவுமா?

மார்ச் 4
கீழறைக் கம்ப்யூட்டர் படுத்தேவிட்டது. நல்லவேளை, வாடிக்கையாளர்களுக்குப் போடும் வீட்டுப் பிளான்கள் எல்லாம் தனி டிஸ்க்கில் இருந்தன. தம்பி போனில் சொல்லச் சொல்ல, புது சிஸ்டத்தை நானே ஏற்றினேன். பாதியில் ஒரு கேள்வி: "இதிலுள்ள கோப்புகளை நெட்வொர்க்கில் மற்றவர்களுடன் பகிரலாமா?"

மற்றவர்கள் யார்? மாடியில் அவரும் அவர் லேப்டாப்பும்தான். பக்கவாதத்தில் வலது கை விழுந்ததிலிருந்து அவர் படி இறங்கவில்லை. இருவரும் போட்ட பிளான்களை இப்போது நான் ஒருத்தியே போடுகிறேன். டாக்டர் ஓய்வு என்றிருக்கிறார். 'வேண்டாம்' என்று அழுத்தினேன்.

மார்ச் 5
மாடியிலிருந்து குரல். "ஏம்மா, ஒரு பிளானும் தெரியலையே?"

"புது சிஸ்டம்ங்க. சரியாகட்டும்."

மதியச் சாப்பாடு தொடாமலே திரும்பி வந்தது.

மார்ச் 7
தம்பியிடம் சொன்னேன். "அக்கா, அத்தானுக்குக் கைதானே விழுந்துச்சு, கண்ணையும் கட்டணுமா?" என்றான்.

சுருக்கென்றது. பெரிசா பேச வந்துட்டான். கோடு இழுக்க வராமல் அவர் மவுஸைச் சுவரில் எறிந்தபோது இவனா இருந்தான்? நான்தான் சில்லு சில்லாகப் பொறுக்கினேன். அந்த முகத்த இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது —

மார்ச் 8
பகிர்வைத் திறந்தேன். அதிலும் ஒரு கேள்வி. பார்க்க மட்டுமா, மாற்றவுமா? பார்க்க மட்டும்.

மார்ச் 9
நாளெல்லாம் பார்த்திருக்கிறார். மேஸ்திரி கட்டப்போகும் வீட்டில் குளியலறைக் கதவு வாஷ்பேசினில் இடிக்குமாம். சரிதான். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

"நானே மாத்தலாம்னு பாத்தேன். விடமாட்டேங்குது." பிறகு மெதுவாக, "நீதான் பூட்டி வெச்சியா?"

தலையாட்டினேன்.

"மறுபடி எறிஞ்சிடுவேன்னு பயமா?"

"ஆமாங்க."

"இடது கையால எறிஞ்சா எவ்வளவு தூரம் போயிடும்?"

சிரித்துவிட்டேன். அப்படியே அழுதும்விட்டேன்.  தலையணையை நகர்த்தி இடம் விட்டார்.

மார்ச் 10
மாற்றவும்.

மார்ச் 14
காலையில் அந்தப் பிளானைத் திறக்கப் போனேன். "இந்தக் கோப்பை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்" என்றது திரை. மாடியேறி எட்டிப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, இடது கையால் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கோணல். அழித்தார். மறுபடி இழுத்தார். நான் வந்ததே தெரியவில்லை.

கீழே மேஸ்திரி வந்துவிட்டார். "பிளான் ரெடியாம்மா?"

"கொஞ்சம் உக்காருங்க," என்றேன். "அவர் போட்டுட்டு இருக்கார்."