எம லிங்கத்தில் நின்று பார்த்த இடப்பக்கம்

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல வருஷமாக உன்னுடைய டீ-ஸ்கொயரால் நான் முதுகு சொறிந்துகொண்டிருக்கிறேன்.

நீ முறைப்பது தெரிகிறது. ஆனாலும் யோசித்துப் பார். நீளமாக ஒரு மரச்சட்டம், அதன் தலையில் குறுக்கே ஒரு கட்டை. தாளில் படுக்கைக் கோடு போடுவதற்கு என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வயது ஐம்பதை நெருங்கும்போது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, கை எட்டாத ஓர் இடத்தில் அரிப்பெடுக்கும் பார், அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தவன் எவ்வளவு முன்யோசனைக்காரன் என்று புரிகிறது.

இன்று காலையும் அந்த வேலையில்தான் இருந்தேன். எங்கள் வேங்கிக்கால் வீட்டு வெயிலுக்கு மரம் லேசாக வியர்த்து, பென்சில் கரியும் ரப்பர் தூளும் கலந்த பழைய வாசனை ஒன்று கிளம்பியது. வீட்டுக்காரி காபியோடு வந்து நின்றாள். "அண்ணன் போயி இன்னும் வருஷம் திரும்பல. அவர் சாமானால முதுவு சொறியறீங்களே, நல்லாவா இருக்குது?" என்றாள். உன்னை அவள் எப்போதும் அண்ணன் என்றுதான் சொல்வாள். என்னைக் கூப்பிடுவதைவிட அதில் மரியாதை ஜாஸ்தியாகவே இருக்கும். சட்டத்தை ஆணியில் மாட்டிவிட்டேன். வாசனை போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. நீ டவுனில் சைக்கிள் கடைக்காரர் பிள்ளை. நான் அடி அண்ணாமலையில் மல்லாட்டைப் பயிர் போடுகிற குடியானவர் பிள்ளை. பி.யூ.சி.யில் நாம் வாங்கிய மார்க்கைப் பார்த்து ஊரே கொஞ்ச நாள் மரியாதையாக நடந்துகொண்டது. இன்ஜினியரிங் காலேஜிலும் ஒன்றாகவே சேர்ந்தோம். பெயர் வரிசையில் அடுத்தடுத்து வந்ததால் நம்பரும் அடுத்தடுத்து, பரீட்சை ஹாலில் இடமும் அடுத்தடுத்து.

முதல் வருஷ ரிசல்ட்டை உங்கள் கடையில்தான் பேப்பர் விரித்துப் பார்த்தோம். எனக்கு முந்தின நம்பர் இருந்தது. உனக்கு அடுத்த நம்பர் இருந்தது. நடுவில் இரண்டைக் காணோம். முன்பல் இரண்டும் விழுந்த வாய் மாதிரி இருந்தது அந்த வரி. உங்கப்பா டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டே கேட்டார், "இன்னாப்பா, ரெண்டு பேர் நம்பரும் வந்துச்சா?"

நீ நிதானமாகச் சொன்னாய்: "பிரிண்டிங் மிஸ்டேக்குப்பா."

கணக்கு, மெக்கானிக்ஸ், டிராயிங் என்று மூன்றில் போயிருந்தது, இருவருக்கும். அக்டோபரில் திரும்ப எழுதலாம். மூன்றையும் எடுத்தால்தான் மேலே படிக்க விடுவார்கள். ஒன்று நின்றாலும் வீட்டுக்குத்தான். எங்கப்பா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "அக்டோபர் வரிக்கும் பாரு. ஆவலன்னா போளூர் மாமன் ரைஸ் மில்லுல எடம் கீது" என்றார். அவ்வளவுதான். மாடு கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊருக்குள் நிலைமை இன்னும் மோசம். பையன் இன்ஜினியருக்குப் படிக்கிறான் என்றால் ஆயில் இன்ஜின் ரிப்பேருக்குப் படிக்கிறான் என்றே நினைத்திருந்தார்கள். லீவில் போன இரண்டாம் நாளே என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு இன்ஜினைக் காட்டினார்கள். நான் அதைச் சுற்றிவந்து, தொட்டுப் பார்த்து, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு திரும்பினேன். "அதான் ஃபெயிலு போட்டுட்டான்" என்று அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

கணக்கையும் மெக்கானிக்ஸையும் உருப்போட்டு ஒப்பேற்றிவிடலாம். டிராயிங்தான் எமன். ஒரு கட்டையைக் காட்டி, முன்னால் நின்று பார்த்தால் எப்படி, மேலேயிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று படம் கேட்பார்கள். படம் போடுவது கஷ்டமில்லை. தாளில் எதை எங்கே போடுவது என்பதில்தான் வினை. ஃபர்ஸ்ட் ஆங்கிள் என்று ஒரு முறை. அதில் மேலே பார்த்ததைக் கீழே போட வேண்டும். இடப்பக்கம் பார்த்ததை வலப்பக்கம் போட வேண்டும். ஏன் சார் என்றால், "அது அப்படித்தான்" என்பார் நம் டிராயிங் வாத்தியார், கல்யாண வீட்டில் சம்பந்தியம்மா மாதிரி. மேலதைக் கீழே போடுவது எப்படியோ நம் மண்டையில் ஏறிவிட்டது. இடம் வலம் மட்டும் ஏறவே இல்லை.

ரிசல்ட் வந்த வாரமே யோசனை கேட்கக் காலேஜுக்குப் போய் அவரைப் பார்த்தோம். நம் பழைய வகுப்புத் தாள்களை எடுத்து அருகருகே விரித்தார். "ஒருத்தன் தப்பா போட்டா அது தப்பு. ரெண்டு பேரு அதே எடத்துல அதே தப்ப போட்டா, அது பக்கத்து சீட்டு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீயும் குனிந்தாய். ஏன் குனிந்தாய் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அந்த லீவில் தினமும் காலையில் சைக்கிள் கேரியரில் டிராயிங் போர்டைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வருவாய். மாதிரிக்குக் கட்டை இல்லை என்று அச்சுவெல்லத்தை வைத்து வரைந்தோம். நான் முன்தோற்றத்தை முடிப்பதற்குள் நீ மேல்தோற்றத்தைத் தின்றுவிட்டாய்.

இதற்கிடையில் எங்கம்மா மலைக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள், பையன் மூணு சுத்து சுத்தி வருவான், தேற வை என்று. வேண்டிக்கொண்டது அவள், நடக்க வேண்டியது நான். துணைக்கு நீ. இப்போது பௌர்ணமிக்கு ரோடு தெரியாத கூட்டம். அன்றைக்குக் கார்த்திகை தீபத்தை விட்டால் அந்தப் பாதையில் சாமியார்களும் ஆடுகளும்தான். மலைக்குக் கிழக்கே, பெரிய கோபுரத்துக்கு எதிரே நின்று மலையை ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வழக்கம்போல் மலை நம் வலக்கைப் பக்கம் இருக்க, தெற்கே பார்த்து நடக்க ஆரம்பித்தோம்.

கொஞ்ச தூரம் போனதும், எதற்கென்று தெரியவில்லை, எனக்கு மனசு கேட்கவில்லை. "மச்சான், ஒன்னு சொல்றேன், அடிக்கக் கூடாது. அன்னிக்கி டிராயிங் பரீட்சையில நான் ஒன்னப் பாத்துத்தான் போட்டேன்" என்றேன்.

நீ நின்றுவிட்டாய். "எத?"

"சைடு வியூவ."

"அடப்பாவி. நான் ஒன்னப் பாத்துல்ல போட்டேன்."

நான் கோடு போடும்வரை நீ காத்திருந்திருக்கிறாய், நீ போடும்வரை நான் காத்திருந்திருக்கிறேன். அப்படியானால் முதல் கோட்டைப் போட்டது யார்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. சிரித்துச் சிரித்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டோம். ஒரு சாமியார் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

எழுந்து பார்த்தால் எம லிங்கம், மலைக்குத் தெற்கே இருக்கிற சின்னக் கோயில். சிரிப்பு அடங்கி நீ மலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். டவுனில் நின்று பார்க்கிற மலை அங்கே இல்லை. தோள் வேறு, முதுகு வேறு.

"மச்சான், கோபுரத்தாண்ட நின்னு பார்த்தோமே, அது இன்னா?"

"மலை."

"அறிவு. எந்த வியூ?"

"ஃப்ரன்ட்டு."

"அத தாள்ல போட்டுட்டேன்னு வச்சிக்கோ. இப்ப நடந்து இங்க வந்துட்டோம். இங்கேந்து தெரியறது மலைக்கு எந்தப் பக்கம்?"

டவுனில் நின்று மலையைப் பார்ப்பதாக மனசுக்குள் கையை நீட்டிப் பார்த்தேன். "லெஃப்ட்டு."

"தாள்ல ஒன்னு எழுதியாச்சு. அடுத்தத எங்க எழுதுவே?"

"அதுக்கு வலது பக்கம். எல்லாரும் அப்டித்தானடா எழுதுவாங்க."

"அவ்ளோதாண்டா. நடக்கற வரிசையில எழுதிக்கினே போ. லெஃப்ட்டு தன்னால ரைட்டுல வந்து வுழுந்துடும்." மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். "நம்ம சாமி ஃபர்ஸ்ட் ஆங்கிள்டா."

ஒரு வருஷம் முழுக்க ஒரு காலேஜால் நம் மண்டையில் ஏற்ற முடியாதது, பிறந்த நாளிலிருந்து சுற்றுகிற மலையில் இருந்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். நீ விடுவாயா? வாத்தியார் இன்னொரு முறையும் சொல்லியிருந்தார், தேர்டு ஆங்கிள், அமெரிக்காக்காரன் வழி. அதில் வலப்பக்கம் பார்த்தது வலப்பக்கமே வரும். "அப்ப அவன் எதிர்ல சுத்தறான்டா. வா, பார்த்துடலாம்" என்று திரும்பிவிட்டாய். வந்த வழியே டவுனுக்கு வந்து, அங்கிருந்து வடக்கே, மலை இடக்கைப் பக்கம் இருக்க நடந்தோம். நம் ஊரில் ஒருவரும் செய்யாத காரியம். நடக்க நடக்க, முன்பக்கத்துக்கு அடுத்து மலையின் வலப்பக்கம் வந்தது. நீ சொன்னது அட்சரம் பிசகவில்லை. கூடவே, குபேர லிங்கத்தருகே எங்கூர்ப் பெரியம்மாவும் நேருக்கு நேராக வந்தாள்.

"இன்னாங்கடா எதிர்ல வர்றீங்க? எதுனா வுட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்ல பெரியம்மா. அமெரிக்காவுல எப்டி சுத்துவாங்கன்னு பாக்கறோம்" என்றாய்.

பொழுது சாய்வதற்குள் சேதி எங்கம்மாவிடம் போய்விட்டது. அம்மா உன்னை ஒன்றும் சொல்லவில்லை, விருந்தாளி. என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊரே சுத்துது, நீ அவுத்து வுட்டுட்டு வர்றியா? சுத்துனதெல்லாம் அவுந்து போச்சு. அத நேர் பண்ண ஒன்னு, வேண்டுனது மூணு. நாலு சுத்து."

நாலும் நடந்தோம். வழியில் ஆடு, மாட்டு வண்டி, கல் மண்டபம், தூங்குகிற சாமியார் என்று எதைப் பார்த்தாலும் நீ கைகாட்டி, "லெஃப்ட் வியூ எங்கடா?" என்பாய். தப்பாகச் சொன்னால் முதுகில் ஒரு குத்து. இன்று அரிக்கிற இடம் அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கு வந்து மாலையெல்லாம் வரைந்தோம், தாள் தீர்ந்து காலண்டர் பின்பக்கத்திலும் வரைந்தோம். நான்காவது சுற்று முடிகிறபோது, எந்தக் கட்டையைக் காட்டினாலும் அதைச் சுற்றி மனசுக்குள் ஒரு நடை போய்வர என்னால் முடிந்தது.

அக்டோபரில் டிராயிங் பரீட்சை அன்றைக்கு ஹாலில் நமக்கு நடுவே இரண்டு பெஞ்சு. நான் ஒரு தடவைகூட உன் பக்கம் திரும்பவில்லை. என் வாழ்க்கையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மூன்று மணி நேரம் அது. பேப்பரில் இரண்டு நம்பரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்துவிட்டு, "இது பிரிண்டிங் மிஸ்டேக்கு இல்லியே?" என்றார். எங்கப்பா அந்தத் துண்டைக் கிழித்து, சோற்றுப் பருக்கையால் இன்ஜின் ரூம் கதவில் ஒட்டினார். உன் நம்பரை வெட்டாமல் சேர்த்தே ஒட்டினார். தண்ணி இறைக்க வருகிறவனையெல்லாம் கதவைப் பார்க்க வைத்தார்.

அதற்கப்புறம் நாம் எதிலும் நிற்கவில்லை. என் டீ-ஸ்கொயர்தான் நிற்கவில்லை. இரண்டாம் வருஷம் முதல் வாரமே பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்து, எதிரே வந்த கரும்பு லாரியோடு போய்விட்டது. உன்னுடையதை ஒரு நாளைக்கு என்று வாங்கினேன். வேலைக்குப் போய், நீ ஊர் ஊராகப் பாலம் கட்டிக்கொண்டிருந்த நாளில் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி, "என் டீ எங்கடா?" என்னுடைய பதிலில் கடைசி வரி, "குடிச்சிட்டேன்."

நம்பர் வரிசையில் நான்தான் முன்னால். போன வருஷம் நீ முந்திக்கொண்டாய். உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது உன் மகன் கேட்டான், "அப்பாவோட டீ-ஸ்கொயர் உங்ககிட்ட இருக்காமே அங்கிள்?" பழக்க தோஷம், குடிச்சிட்டேன் என்று வாய் தவறி வந்துவிட்டது. பையன் விழித்தான். உன் மனைவி சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நீ கட்டிய பாலங்களை அவன் எனக்கு ஒவ்வொன்றாக வரைபடத்தில் காட்டினான். எல்லாவற்றிலும் நான் தேடிப் பார்த்தேன். இடப்பக்கம் எல்லாம் வலப்பக்கத்தில் சரியாக இருந்தது.

இப்போது நம் ஊர்ப் பக்கமே ஏகப்பட்ட இன்ஜினியரிங் காலேஜ். முதல் வருஷம் கோட்டைவிட்ட பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் என் தகுதியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. போகிற இடமெல்லாம் மலைக் கதையைத்தான் சொல்கிறேன். உன் வசனங்களை உன் குரலிலேயே சொல்கிறேன், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பௌர்ணமிக்குச் சுற்றும்போது எம லிங்கத்தில் கூட்டம் தள்ளத் தள்ள ஒரு நிமிஷம் நின்று, மலையைப் பார்த்து, மனசுக்குள் அதை எடுத்து வலப்பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் நகர்கிறேன். தேறினோம் மச்சான். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் போடாமல் தேறினோம்.

ஒன்றை மட்டும் எந்தக் காலேஜிலும் சொல்வதில்லை. ஹாலை விட்டு வெளியே வந்ததும் நீயும் நானும் முகத்தைப் பார்த்துக்கொண்டோமே, நீயும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அக்டோபர் கேள்வித்தாளில் சைடு வியூ கேட்கவே இல்லை.