லோரிக் கதவில் மண்டையோடு

பார்பரா,

லோரிக் கதவில் நான் வரைந்த மண்டையோட்டை அழிக்க மாட்டேன். "பிள்ளைங்க ஏறுற லோரியில விஷக் குறி மாதிரி படம் போடக்கூடாது, அதான் ரூல்" என்கிறார் தோட்டத்துத் துரை. காலையில் களைக்கொல்லி டிரம்களை இறக்கியதும் அதே லோரியில்தானே பிள்ளைகளை ஏற்றச் சொல்கிறார்? டிரம்களுக்கு வேறு வண்டி வரட்டும், படத்தை நானே அழிக்கிறேன்.

லோரிச் சாவி அரிசி டின்னில் இருக்கிறது. ஆபீஸ் கிராணி வந்து கேட்டால் கொடுக்காதே. "அவர்கிட்டயே கேளுங்க லா" என்று சொல்.

பிள்ளைகளை இன்று பள்ளிக்கு நடத்தியே கூட்டிப் போகிறேன். சாம்பாரைச் சூடாக்கிச் சாப்பிடு.

கொர்னேலியஸ்

பி.கு.: வேலை போனால் லைன் வீடும் போகும் என்று அழுதாய். எனக்கும் பயம்தான். சின்னவள் நேற்றுப் போட்ட பள்ளிச் சட்டை அழுக்குக் கூடையில் கிடக்கிறது. துவைக்கும் முன் முகர்ந்து பார். அப்புறம் என்னைத் திட்டு.