ஓரத்து நூல்

டிச. 8, திங்கள்

காலையில் பனி. பாகலூர் ரோடு தெரியவில்லை. டைல்ஸ் தரை ஐஸ் மாதிரி.

வேப்பனப்பள்ளியிலிருந்து அத்தை போன். "மாப்ளே, பாப்பா ஒரு எடத்துல நிக்காம தவழுறா. ஞாயித்துக்கெழம கூட்டியாறேன். ஒத்துக்கிச்சுன்னா அங்கயே இருக்கட்டும், நானும் கூட இருக்கேன். கீழ ஏதாச்சும் விரிச்சு வைங்க. அந்த வெறுந்தரையில நான் விடமாட்டேன்."

சுமதி இறந்துபோனபோது பாப்பாவுக்குப் பதினோரு நாள். அவள் அம்மா, அத்தையிடம் கொடுத்து அனுப்பியது நான்தான். ஒன்பது மாதத்தில் போய்ப் பார்த்தது ஐந்து தடவை. எழுதவே கூசுகிறது.

கார்பெட்:
கம்பளி – கதகதப்பு. சட்டென்று தீப்பிடிக்காது. முடி உதிரும், வாயில் போடுவாள். துவைப்பது கஷ்டம்.
தேங்காய் நார் – முட்டி தேயும். வேண்டாம்.
சிந்தெடிக் – துடைத்தால் போதும். புதிதில் நாற்றம். நெருப்பு பட்டால் உருகும்.

சிந்தெடிக் என்றுதான் வருகிறது. ஏழு வருஷமாக லேபில் கார் கார்பெட்டைக் கொளுத்திப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவனுக்கு வேறென்ன வரும்.

டிச. 10, புதன்

ஏ ஷிப்ட். கேன்டீனில் தக்காளி சாதம். லேபில் கூட வேலை செய்யும் கிரீஷிடம் கார்பெட் விஷயம் சொன்னேன்.

"ரோல் துண்டு ஒண்ணு மிச்சம் இருக்கு மச்சி, கேட் பாஸ் போட்டுத் தரேன். ஆமா, அந்த டூப்ளிகேட் கம்பளி என்னாச்சு?" சிரித்தான். அதை வாங்கியது யார் என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

போன வருஷம். சுமதிக்கு ஐந்தாம் மாதம். கர்நாடகா பக்கத்துச் சந்தையில் கன்னடத்திலேயே பேரம் பேசி அந்தக் கம்பளத்தை வாங்கி வந்தாள், பாப்பா தவழ வேண்டும் என்று. அன்று கிரீஷும் லேப் ஆட்கள் இரண்டு பேரும் சாப்பிட வந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு நூல் உருவி லைட்டர் காட்டினேன். உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

"கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரணும். இது பிளாஸ்டிக். எம் பொண்டாட்டிய எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

எல்லோரும் சிரித்தோம். சுமதியும். சாயங்காலம் சுருட்டிப் பரணில் போட்டாள். பிறகு பேச்சே எடுக்கவில்லை.

டிச. 12, வெள்ளி

தூக்கிப் போட்டுவிடலாம் என்று பரணிலிருந்து இறக்கினேன். விரித்தால் நடுவில் மூன்று ஓட்டை. பூச்சி அரித்தது.

பூச்சி பிளாஸ்டிக்கைத் தின்னாது.

நடுவில் ஒரு இழை. லைட்டர். முடி கருகும் நாற்றம். தேய்த்தால் பொடி. இன்னும் இரண்டு இடம், அதேதான். ஓரத்தில் மட்டும் உருகியது. ஓரம் பிரியாமல் இருக்க மெஷினில் அடித்த தையல் நூல் அது.

புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாள் நானே சொல்வது: ஓரத்தில் சாம்பிள் எடுக்காதே.

மார்ச்சில் அவள் போனபோது அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை. முகம் மட்டும் சுட்டது, ஆளில்லாத வீட்டில்.

கிரீஷுக்கு மெசேஜ் டைப் செய்தேன். அழித்தேன்.

டிச. 13, சனி

மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டினேன். பால் பாக்கெட், சோப்பு, டயாப்பர் வாங்க வேண்டும். என்ன சைஸ்?

கிரீஷ் துண்டோடு வந்தான். வேண்டாம், வேறொன்று இருக்கிறது என்றேன்.

"எதுடா?"

"வேற."

துண்டை அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினேன்.

டிச. 14, ஞாயிறு

பதினோரு மணிக்கு அத்தை, பாப்பா. என்னைப் பார்த்து அழுதாள். கம்பளத்தில் விட்டதும் நிறுத்திவிட்டாள்.

அத்தை குனிந்து தடவிப் பார்த்தார். "இதையே விரிச்சிட்டீங்களா."

"நெஜக் கம்பளிதாங்க அத்தை. நான்தான் அன்னைக்குத் தப்பா கொளுத்திட்டேன்."

"தெரியும்."

பாப்பாவின் சட்டையை இழுத்துவிட்டார்.

"அடுத்த வாரமே சுமதி இதுலேருந்து ஒரு கொத்து பிச்சு ஊருக்குக் கொண்டாந்து அடுப்புல போட்டா. ஊடெல்லாம் முடி கருகுன நாத்தம். மாப்ளகிட்ட சொல்லேன்டின்னேன். 'கூட வேல செய்யறவங்க முன்னாடி பேசிட்டாரும்மா, இப்ப சொன்னா மொகம் செத்துப்போயிரும், உடு'ன்னா."

பாப்பா ஒரு ஓட்டையில் விரல் விட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயே ஒன்றுக்குப் போனாள்.

சிந்தெடிக் என்றால் எனக்குத் தெரியும். கம்பளிக்கு வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? அத்தையிடம் கேட்டேன்.

"பச்சத் தண்ணி போதும். தேய்க்காதீங்க மாப்ளே. ஒத்தி எடுங்க."

முட்டி போட்டு ஒத்தினேன். ஈரம் போன பிறகும்.