செனட்டரின் பேச்சு

அன்புள்ள அப்பா,

நேரில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கிரேத்தே அன்ரியின் பூட்டனாரைப் பற்றி நான் புத்தகம் எழுதுவது உங்களுக்குத் தெரியும். நோர்வேயிலிருந்து அமெரிக்கா போய், பண்ணைக் கூலியாயிருந்து செனட்டரானவர். ஏழை விவசாயிகளுக்காக இருபது வருடம் வாதாடியவர். எனக்கு அவரில் அவ்வளவு மதிப்பு.

நேற்று அவருடைய 1917ஆம் ஆண்டுப் பேச்சு கிடைத்தது. ஆசியர்களை நாட்டுக்குள் விடக்கூடாது, நாங்கள் நோய்போலப் பரவுவோம் என்று பேசியிருக்கிறார். மூன்று தரம் வாசித்தேன்.

ட்வெய்ட்டாவில் இருக்கும் அன்ரி வீட்டுக்கு ஓடினேன். அவர் திடுக்கிடவே இல்லை.

"எனக்கு முந்தியே தெரியும் பிள்ளை. அந்தப் பக்கத்தை விட்டிடு," என்றார்.

நாங்கள் அகதிகளாக நோர்வேக்கு வந்த நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அண்டைக்குப் பொலிசிட்டைக் கிரேத்தே வந்து கதைச்சிருக்காட்டி எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்" என்று நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறீர்கள். அதே மனுசிதான் இதையும் சொன்னார்.

இன்று காலை அந்தப் பேச்சை முழுதாகச் சேர்த்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி எங்கள் வீட்டுக்கு இடியப்பம் சாப்பிட வருவார். அப்போது நானே அவரிடம் சொல்வேன். நீங்கள் எனக்காகப் பேச வேண்டாம் அப்பா. மேசையை விட்டு எழும்பிப் போகாமல் இருந்தால் போதும்.

உங்கள் மூத்தவள்