பெட்டிமேல் கிடந்த சீட்டு

1957 மார்ச், வெள்ளி இரவு.

இன்று பேரிகைப் பள்ளிக்கூடத்தில் வாக்குப்பதிவு. ஊர்க்கணக்கு எழுதும் உள்ளூர்க் கர்ணத்தை இரண்டு தரப்பும் நம்பவில்லை. அதனால் என்னைப்போல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெளியூர் வாத்தியார்களைத் தேர்தல் வேலைக்குப் பிடித்துப் போட்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் தராசுச் சின்னம் ஒட்டிய பெட்டி ஒன்று, பக்கத்திலேயே ஏணி ஒட்டியது ஒன்று. வேண்டிய பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பதினோரு மணி இருக்கும். திரைக்குள்ளிருந்து வந்த ஓர் அம்மாள், "கும்பிட்டு மேல வச்சுட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே போய்ப் பார்த்தேன். தராசுப் பெட்டியின் மூடிமேல் சீட்டு கிடந்தது, அதில் குங்குமம். வெளியே கிடக்கும் சீட்டு செல்லாது, அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு ஓட்டு வீணாவானேன் என்று அந்தப் பெட்டிக்குள்ளேயே தள்ளிவிட்டேன்.

சாயங்காலம் ஏணிக்காரரின் ஏஜெண்டு என்னிடம் கேட்டார். "உள்ள சீட்டு ஏதாச்சும் வெளிய கெடந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"அப்பச் சரி. சின்ன வயசு வாத்தியாரு, பொய் சொல்ல மாட்டாரு." வாக்குப்பதிவுக் கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பிறகு அரக்கு முத்திரை வைக்கப் பெட்டிகளைத் தூக்கப் போனேன். ஏணிப் பெட்டியின் மூடியில் ஒரு சிட்டிகை குங்குமம் இருந்தது. தராசுப் பெட்டியில் இல்லை. ஏணிப் பெட்டியை ஒட்டிய ஜன்னல் காலையிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது. காற்றும் நன்றாகத்தான் அடித்தது.

யாரும் பார்க்கவில்லை. வேட்டி நுனியால் துடைத்துவிட்டேன்.